உப்புக் குறைந்த பத்தியத்திற்கு ருசியான பூரணங்கள்: மெக்ஸிகோ தேசத்து மக்காச்சோள ரொட்டி

மெக்ஸிகோ தேசத்தில் அன்றாட ஆகாரமாக வழங்கி வருவது மக்காச்சோள மாவினால் தட்டிச் சுடப்படும் ஒரு மெல்லிய ரொட்டியாகும். ஸ்பானிய மொழியில் இதற்குத் ‘தோர்த்தியா’ என்று பெயர். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக வட்டமாகத் தட்டி, எண்ணெய் விடாமல் காய்ந்த கல்லின்மேல் வாட்டி, அதனுள் பயறு, காய், கீரை, மாமிசம் முதலியவற்றில் ஏதேனும் ஒன்றை வைத்து மடித்தோ சுருட்டியோ உண்பது அந்நாட்டார் வழக்கம். உள்ளே வைக்கும் பதார்த்தத்தை, கொழுக்கட்டைக்குச் சொல்வதுபோல, இங்கும் பூரணம் என்றே குறிப்பிடலாம். இந்த ரொட்டியின் மாவில் பழைய முறைப்படி உப்புச் சேர்ப்பதில்லை. உப்பைக் குறைக்கும்படி வைத்தியரால் கட்டளையிடப்பட்டவர்களுக்கு இந்த ஒரு விஷயமே மிகவும் அனுகூலமானது.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று சொல்லிப் பழகிய நாட்டில் உப்புக் குறைந்த பத்தியம் நடத்துவது எளிதன்று. இரத்தக் கொதிப்பு, இருதய நோய், மூத்திரகோச நோய் ஆகியவற்றால் வருந்துவோர்க்கு வைத்தியர்கள் முதலிற் சொல்வது உப்பைக் குறையுங்கள் என்பதுதான். உலக சுகாதார ஸ்தாபனம் வயது வந்தவர்களுக்கு விதித்துள்ள அளவு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவாகும். அது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி அளவு. சாப்பாட்டு உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம் ஆகையால், 5 கிராம் உப்பில் 2,000 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நம் தேசத்தில் ஒருவர் உண்பது சுமார் 8 கிராமும் அதற்கு மேலும் என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவை தினந்தோறும் இலையில் விழும் வீடுகளில் இது வியப்பன்று.

பத்தியம் எங்கே முறிகிறது என்பதைக் கவனித்தால், பெரும்பாலும் நாக்கினால் மட்டும் முறிவதில்லை என்பது விளங்கும். குடும்பத் தலைவருக்கென்று தனியாக ஒரு சிறு பாத்திரத்தில் உப்பில்லாத குழம்பு வைக்கப்படுகிறது. மற்றவர்கள் ஓர் உணவை உண்ண, அவர் மட்டும் வேறோர் உணவை உண்கிறார். முதல் வாரம் பொறுத்துக்கொள்கிறார். இரண்டாவது வாரம் அறுவடைக் காலமோ ஊர்த் திருவிழாவோ வந்துவிட்டால் தனிச் சமையல் நின்றுபோகிறது. அல்லது அவரே எழுந்து சென்று ஊறுகாய் ஜாடியைத் திறந்துகொள்கிறார். அதன்பின் மருந்தின் அளவை வைத்தியர் கூட்ட நேரிடுகிறது. ஆகையால் வீட்டார் அனைவரும் ஒரே அடுப்பில் ஆனதை உண்ண, பத்தியக்காரருக்கு மட்டும் உப்பு விலக்கப்படும்படியான ஓர் உணவு முறை இருந்தால் அதுவே நிலைக்கும். ரொட்டி உப்பில்லாததாகவும், பூரணம் உப்பில்லாமல் வெந்ததாகவும், உப்பும் காரமும் கலந்த துவையல் தனிக் கிண்ணத்தில் உள்ளதாகவும் இருப்பது மெக்ஸிகோ முறையில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. கிண்ணத்தை மட்டும் இரண்டாக வைத்தால் போதும்.

ரொட்டிக்கு மாவு தயாரிக்கும் விதம் மக்காச்சோளம் பயிரிடும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஒரு கிலோ முற்றிய மக்காச்சோள மணிக்கு மூன்று லிட்டர் தண்ணீரும், சுத்தமான நீற்றின சுண்ணாம்பு 10 கிராமும் சேர்த்து, மேல்தோல் விரலால் தேய்த்தால் கழன்று வரும்வரை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மிதமாகக் கொதிக்கவிட வேண்டும். பிறகு இறக்கி இரவு முழுவதும் அப்படியே ஊறவைத்து, காலையில் இரண்டு மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, ஆட்டுக்கல்லிலோ யந்திரத்திலோ கெட்டியாக அரைத்தெடுக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடுமாதலால் எவர்சில்வர் பாத்திரமோ மண்பானையோதான் ஏற்றது. சுண்ணாம்பு வெற்றிலைக்கு உபயோகிக்கும் தரமானதாக இருக்க வேண்டுமேயன்றி வெள்ளையடிக்க வாங்கியது ஆகாது.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மத்திய அமெரிக்காவில் கையாளப்படும் இம்முறையால் இரண்டு நன்மைகள் உண்டு. மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் ஜீவசத்து சுண்ணாம்பினால் விடுபடுகிறது. சுண்ணாம்புச் சத்தும் உணவில் சேர்கிறது. ஐரோப்பியர் மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு முறையை விட்டுவிட்டதால், அதையே முக்கிய ஆகாரமாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லக்ரா என்னும் தோல் நோய் பரவியது. ஸ்பெயினில் 1735-ம் ஆண்டிலேயே காஸ்பர் காஸால் என்னும் வைத்தியர் அந்நோயை விவரித்தார். பத்தியத்திற்கு இதில் கவனிக்க வேண்டியது, இங்கே சேர்வது கால்சியம் கலந்த சுண்ணாம்பே தவிர சோடியம் கலந்த சோடா உப்பு அன்று என்பதே.

பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல் முதலிய ஜில்லாக்களில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்திற்கே போகிறது. வீட்டு உபயோகத்திற்கென்று ஒரு மூட்டையை ஒதுக்குவோர் அறுவடையான உடனே நன்றாகக் காயவைத்து, பூஞ்சணம் பிடித்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூஞ்சண விஷம் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. விதைக்கென்று வாங்கிச் சிவப்போ நீலமோ சாயமேற்றிய மணிகள் மிஞ்சியிருந்தால் அவற்றை எக்காரணத்தை முன்னிட்டும் உணவிற்கு எடுக்கலாகாது. அவை மருந்து பூசியவை.

அரைத்த மாவை எலுமிச்சங்காய் அளவு உருட்டி, இரண்டு வாழையிலைத் துண்டுகளுக்கிடையே வைத்து ஒரு தட்டையான பலகையால் அழுத்தி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் போட்டு அரை நிமிஷத்தில் திருப்பி, மறுபுறம் ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி திருப்பினால் உப்பி எழும்பும். ஓரம் வெடித்தால் மாவில் தண்ணீர் போதவில்லை என்பது குறிப்பு. இவ்விதம் சுட்ட 25 கிராம் எடையுள்ள ரொட்டி ஒன்றில் சுமார் 10 மில்லிகிராம் சோடியமே உண்டு.

கோதுமையில் செய்த தோர்த்தியா வேறு. மெக்ஸிகோவின் வடபாகத்தில், கோதுமை விளையும் ஸொனோரா முதலிய மாகாணங்களில் வழங்குவது அது. (1960-களில் நம் தேசத்துக் கோதுமை விளைச்சலைப் பெருக்கிய குட்டை ரகங்களில் ஒன்று அம்மாகாணத்தின் பெயரையே தாங்கி ‘ஸொனோரா 64’ எனப்பட்டதைக் கோதுமை பற்றி அறிந்தோர் நினைவுகூர்வர்.) அதில் கொழுப்பும் உப்பும் சேர்த்தே பிசைகிறார்கள். ஆலைகளில் செய்து உறையிலிட்டு விற்கும் கோதுமை ரொட்டியில் உப்புடன் பேக்கிங் பவுடரும் கலப்பதால், 50 கிராம் எடையுள்ள ரொட்டி ஒன்றில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை சோடியம் இருப்பது சாதாரணம். இத்தகைய ரொட்டியில் டப்பியில் அடைத்த பயறு, உப்பிட்ட பாலாடைக் கட்டி, புட்டித் துவையல் ஆகியவற்றை வைத்துச் சுருட்டினால் ஒரே சுருளில் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டிவிடும். ஒரு நாள் அளவில் பாதி அங்கேயே செலவாகிறது. மெக்ஸிகோ அரசாங்கத்தாரும் இதனை உணர்ந்து, சோடியம் மிகுந்த உணவுப் பொட்டலங்களின்மேல் எட்டு மூலையுள்ள கருப்பு எச்சரிக்கை முத்திரை இருக்க வேண்டுமென்று 2020-ம் ஆண்டு முதல் விதித்திருக்கிறார்கள். மக்காச்சோளம் அரைக்க வசதியில்லாதவர்கள் வீட்டிலேயே கோதுமை மாவை உப்பில்லாமல் வெந்நீர் விட்டுப் பிசைந்து மெல்லிய சப்பாத்தியாக இட்டுக்கொள்ளலாம். பூரணம் ருசியாயிருந்தால் மேலுறையில் உப்பில்லாதது தெரியாது.

இனிப் பூரணங்களைக் கவனிக்கலாம். இவற்றுள் முதலிடம் பயற்றுக்கு உரியது. கருப்பு அல்லது புள்ளி போட்ட பீன்ஸ் விதையே அந்நாட்டில் வழங்குவது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் விளையும் பீன்ஸ் விதை அதற்கு நேரான இனம். சமவெளியில் தட்டைப்பயறும் மொச்சையும் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும். கால் கிலோ பயற்றை இரவில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஒரு வெங்காயமும் நாலு பல் பூண்டும் போட்டு மசிய வேகவைக்க வேண்டும். சிவப்பு பீன்ஸ் விதையானால் தொடக்கத்தில் குறைந்தது பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்க வேண்டியது அவசியம். அரைவேக்காட்டில் அது வாந்திபேதி உண்டாக்கும். பிறகு வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்கி, வெந்த பயற்றை அதன் நீருடனேயே சேர்த்து மசித்துச் சுருளக் கிளற வேண்டும். வெங்காயத்தைச் சிவக்க விடுவதில் அவசரப்படலாகாது. உப்பு விட்டுப்போன இடத்தை நிரப்புவது பெரும்பாலும் அந்த வறுவல் மணமே. மெக்ஸிகோவில் எபஸோட் என்னும் மூலிகையைச் சேர்ப்பார்கள். இங்கே சிறிதளவு ஓமம் அந்த வேலையைச் செய்கிறது.

பயறு வேகாவிட்டால் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடுவது பல வீடுகளில் உள்ள பழக்கம். உப்பைத் தள்ளிவிட்டுச் சோடாவைச் சேர்ப்பது முன்வாசலை அடைத்துப் பின்வாசலைத் திறந்து வைப்பதாகும். ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. பயறு வேகாமைக்குக் காரணம் பெரும்பாலும் அதன் வயதுதான். வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் ஒரு வருஷத்திற்கு மேல் கிடந்த பயறு எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே நிற்கும். ஆகையால் வீட்டுக்கு நிறுத்திக்கொள்வது அந்தப் பருவத்துப் பயறாக இருக்கட்டும். டப்பியில் அடைத்ததை வாங்க நேர்ந்தால் நீரை வடித்து நன்றாகக் கழுவினால் அதிலுள்ள சோடியத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். அப்போதும் மீதமுள்ளது கொஞ்சமன்று.

தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இராமநாதபுரம் போன்ற கடலோர ஜில்லாக்களில் உவர்க் கிணற்று நீரில் சமைத்தால் உப்பு போடாமலே உப்புச் சேர்ந்துவிடுகிறது. பத்தியக்காரரின் குடிநீருக்கும் சமையலுக்கும் நல்ல தண்ணீரைத் தனியே கொண்டுவருவதில் அலுப்புப் பார்க்கலாகாது.

அடுத்தது பரங்கி. பெயரைப் பார்த்தாலே வெளிநாட்டிலிருந்து வந்தது என்று தெரியும். பரங்கி, மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், சௌசௌ எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. இளம் பரங்கிக்காயைச் சிறு துண்டுகளாக்கி, மக்காச்சோள மணிகளும் தக்காளியும் பச்சை மிளகாயும் கூட்டி மூடி வேகவைப்பது ஒரு பூரணம். காயில் இனிப்பு இருப்பதால் இறக்கியபின் எலுமிச்சை ரசம் தாராளமாகப் பிழிய வேண்டும். பரங்கிப்பூவும் விசேஷமான பூரணம். ஆண்பூக்களை மட்டும், மகரந்தம் சேர்ந்து முடிந்த பின்பு காலையில் பறித்தால் காய்ப்பு குறையாது. அடியில் குண்டாகப் பிஞ்சு தெரிவது பெண்பூ, அதைத் தொட வேண்டாம். நடுவிலுள்ள மகரந்தத் தண்டைக் கிள்ளிவிட்டு வெங்காயத்துடன் இரண்டு நிமிஷம் வதக்கினால் போதும். சௌசௌவுக்குத் தன் ருசி என்று அதிகமில்லை. பூண்டும் வறுத்த மிளகாயும் தாராளமாகக் கூட்டினாலன்றி உப்பில்லாமல் அது தேறாது.

பரங்கி விதையை எறிந்துவிடுவோர் ஒரு நல்ல பொருளை இழக்கிறார்கள். யுக்காத்தான் பகுதியில் வாழும் மாயா மக்கள் காய்ந்த பரங்கி விதையை வறுத்து அரைத்து, சுட்ட தக்காளி, மிளகாய், கொத்துமல்லி சேர்த்து, புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் குழைத்துத் துவையலாக்குகிறார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த இத்துவையல் பாலாடைக் கட்டியின் இடத்தைப் பெற்று, உப்பின் குறையை மறக்கச் செய்கிறது. இக்கட்டுரையில் சொல்லப்பட்டவற்றில் நம்மவர் நாக்குக்கு விரைவில் பிடிபடுவது இதுவாகவே இருக்கும். கடையில் வாங்கும் வறுத்த விதையில் உப்புத் தூவியிருப்பார்கள். வீட்டு விதையே மேல்.

மக்காச்சோளக் கதிரில் கரிப்பூட்டை நோய் கண்டு மணிகள் சாம்பல் நிறக் கட்டிகளாக வீங்கினால் நம் விவசாயிகள் பிடுங்கிப் புதைக்கிறார்கள், அதுவே முறை. மெக்ஸிகோவிலோ ‘ஹூயித்லகோச்சே’ என்று பெயரிட்டு, இளங் கட்டிகளைச் சந்தையில் மக்காச்சோளத்தைவிட அதிக விலைக்கு விற்று, வெங்காயத்துடன் வதக்கிப் பூரணமாக்குகிறார்கள். காளானைப் போன்ற ருசி என்பர். பழக்கமில்லாதவர்கள் இங்கே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

கீரை வகைகளில் அந்நாட்டார் பெரிதும் விரும்புவது பருப்புக்கீரை. நம் தோட்டக் களையாகிய அதற்கு இயற்கையாகவே ஒரு புளிப்பு உண்டு. அதனால் உப்பின் தேவை குறைகிறது. ஆனால் உவர் நிலத்தில் முளைத்த இக்கீரை மண்ணிலுள்ள சோடியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும் தன்மையுடையது. நல்ல நிலத்தில் பறித்ததே பத்தியத்திற்கு ஆகும். சப்பாத்திக்கள்ளி மடலின் முள்ளைச் சீவி நறுக்கி வதக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அது உணவுக்கென்றே வளர்க்கப்படும் பெரிய மடல் இனம். 1926-ம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட கொச்சினீல் பூச்சியால் தென்னிந்தியாவில் பெருமளவு அழிந்த வேலிக்கள்ளி வேறு இனம். அதை இதற்கு மாற்றாகக் கருதலாகாது.

சேர்வராயன் மலையிலும் பழனி மலைச் சரிவுகளிலும் விளையும் வெண்ணெய்ப் பழத்தை மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லி, எலுமிச்சை ரசம் சேர்த்தால் அடுப்பே வேண்டாத பூரணம் ஆகிவிடும். மாமிசம் உண்போர் புதிய கோழிக்கறியையோ ஆற்று மீனையோ பூண்டும் மிளகும் தடவிச் சுட்டுப் பிய்த்து வைக்கலாம். கோழி முட்டை ஒன்றில் சுமார் 70 மில்லிகிராம் சோடியம் உண்டு. கருவாடும் உப்பு நீரில் போட்டு வைத்த இறாலும் விலக்கப்பட வேண்டியவை.

ருசியின் உயிர்நிலை கிண்ணத்துத் துவையலில் இருக்கிறது. நாலு தக்காளி, இரண்டு பச்சை மிளகாய், தோலுடன் மூன்று பல் பூண்டு, பாதி வெங்காயம் ஆகியவற்றை எண்ணெயில்லாத கல்லில் போட்டு, அங்கங்கே கருகிப் புள்ளி விழும்வரை புரட்டிச் சுட வேண்டும். பூண்டின் தோலை உரித்து, முதலில் பூண்டும் மிளகாயும், பிறகு தக்காளி, கடைசியில் வெங்காயம் என்ற வரிசையில் அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, கொத்துமல்லி தூவ வேண்டும். மெக்ஸிகோவில் இதற்குப் பச்சை நிறமுள்ள ஒருவகைக் காயையும் பயன்படுத்துவார்கள். அது நம் வயல் ஓரத்துச் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய உறவு. கருக்குதல், புளிப்பு, காரம், பச்சைக் கீரை மணம் ஆகிய நான்கும் ஒருங்கே சேரும்போது நாக்கு உப்பைத் தேடுவது குறைகிறது. புளிப்பு மட்டும் தனியாகவோ காரம் மட்டும் தனியாகவோ அவ்வாறு செய்வதில்லை. மிளகாயை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு வயிற்றெரிச்சலே மிச்சம்.

நசுக்கியபின் துவையலை இரண்டு கிண்ணமாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் உப்பிட்டு வீட்டாருக்கு வைக்க வேண்டும். பத்தியக்காரருக்குச் சிறிது உப்பு அனுமதிக்கப்பட்டிருந்தால், அன்றைய அளவைக் காலையிலேயே நிறுத்து ஒரு சிமிழில் போட்டுக்கொடுத்து, உண்ணும்போது பூரணத்தின்மேல் அவரே தூவிக்கொள்ளும்படி விடலாம். உள்ளே வெந்து கரைந்த உப்பைவிட மேலே தூவிய உப்பு நாக்கில் நேரே படுவதால் குறைந்த அளவே போதுமானதாகத் தோன்றும். இரண்டு மூன்று மாதங்களுக்குள் நாக்கு பழகிவிடுகிறது. பிறகு பழைய குழம்பே உப்புக் கரிப்பதாகச் சொல்வார்கள்.

ஆயினும் சில எச்சரிக்கைகள் உண்டு. பயறு, தக்காளி, வெண்ணெய்ப் பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. இரத்தக் கொதிப்புள்ள பலருக்கு அது நன்மையே என்றாலும், மூத்திரகோசம் பழுதுற்றவர்களுக்கு அபாயமாக முடியும். சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதில் சோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியமே கலந்திருக்கிறது. வைத்தியரைக் கேளாமல் அதை வாங்கலாகாது. இரத்தக் கொதிப்பு மருந்துகளில் சிலவும் உடலில் பொட்டாசியத்தைத் தங்கச் செய்யும். உப்பை மிகவும் குறைத்தவர்களுக்கு அயோடின் எதன்மூலம் கிடைக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் வெயிலில் உழுது வியர்ப்பவர்கள், நோயில்லாத நிலையில், பிறரைப் பார்த்து உப்பை அடியோடு நிறுத்துவதும் தவறு. பத்தியம் நன்றாக நடக்கிறதென்று மாத்திரையைத் தாமாக விட்டுவிடுவது அதனினும் பெரிய தவறு.

சுட்ட ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தால் ஒரு மணி நேரம் மிருதுவாக இருக்கும். ஆறி விறைத்ததை மடித்தால் ஒடியும். மறுபடி கல்லில் அரை நிமிஷம் வாட்டினால் வளைந்து கொடுக்கும். மறுநாளைக்கு மிஞ்சியவற்றை எறிய வேண்டியதில்லை. துண்டுகளாகக் கிழித்துக் கல்லில் மொறுமொறுப்பாக வாட்டி, உப்பில்லாத துவையலைக் கொதிக்கவிட்டு அதில் போட்டுப் புரட்டி, மேலே வெங்காயம் தூவிக் காலை ஆகாரமாகக் கொடுக்கலாம்.